ஜெர்மனியின் யூதக் குடும்ப ஆலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிட்லர், வதைமுகாம், போர் பற்றியெல்லாம் தமிழில் படிக்க நிறையக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய நூறு வருடத்தில் ஜெர்மன் யூதர்கள் என்ன தொழில் செய்தார்கள், என்ன பொருளை உற்பத்தி செய்தார்கள், அந்த ஆலைகள் கைமாறியது எப்படி என்பது பற்றி எழுதியவர்கள் குறைவு. இதைப் பற்றிப் பேச்சு வரும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி.

நிவியா யூதர் கம்பெனி என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பையர்ஸ்டோர்ஃப் என்ற மருந்துக்கடைக்காரர் ஹாம்பர்க்கில் பிளாஸ்திரி செய்யும் சின்னத் தொழில் ஒன்று வைத்திருந்தார், அவர் யூதர் இல்லை. 1890-ல் அதை விலைக்கு வாங்கியவர் ஆஸ்கர் டிரோப்லோவிட்ஸ், சைலீசியாவிலிருந்து (அன்று ஜெர்மனியின் கிழக்குப் பகுதி, இன்று பெரும்பாலும் போலந்தில்) வந்த யூத மருந்தாளர். அதை உலகக் கம்பெனியாக மாற்றியவர் அவர்தான். லியூக்கோபிளாஸ்ட் பிளாஸ்திரி, பெபெக்கோ பற்பசை, கடைசியாக 1911-ல் நிவியா கிரீம், மூன்றும் அவர் காலத்தில் வந்தவை. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்ந்திருக்கச் செய்யும் யூசெரிட் என்ற பொருளை ஐசக் லிஃப்ஷுட்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்திருந்தார், பால் உன்னா என்ற தோல் மருத்துவர் அவரை டிரோப்லோவிட்ஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அது இல்லாவிட்டால் நிவியா இல்லை. நாம் பார்க்கும் நீல டப்பா 1925-ல் வந்தது, அதற்கு ஏழு வருடம் முன்பே டிரோப்லோவிட்ஸ் இறந்துவிட்டார்.

1933-ல் போட்டிக் கம்பெனிகளுக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. நிவியா வாங்கினால் யூதக் கம்பெனிக்கு ஆதரவு கொடுக்கிறீர்கள் என்று அச்சடித்து ஒட்டினார்கள், தங்கள் கிரீம்தான் அசல் ஜெர்மன் கிரீம் என்று விளம்பரம் செய்தார்கள். நிறுவனத் தலைவர் வில்லி யாக்கோப்சோனும் மற்ற யூத நிர்வாகிகளும் பதவி விலகினார்கள், அவர் ஆம்ஸ்டர்டாம் போய் அங்கிருந்து வெளிநாட்டுக் கிளைகளைப் பார்த்துக்கொண்டார். இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: முதல் கல்லை எறிந்தது சந்தையில் போட்டியிட்டவர்கள். அரசாங்கம் கேட்பதற்கு முன்பே அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

யூதர் என்றால் வட்டிக்கடை, வங்கி என்றுதானே சொல்வார்கள், ஆலை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குள்ளேயே விடை பாதி இருக்கிறது. கைவினைச் சங்கங்கள் யூதர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிலம் வாங்கப் பல இடங்களில் தடை. அரசு வேலை கிடையாது. சில ஊர்களில் குடியிருக்கவே தனி அனுமதி, அதற்குத் தனி வரி. அப்புறம் என்ன மிச்சம்? மூட்டை சுமந்து ஊர் ஊராகத் துணி விற்பது, மாடு வாங்கி விற்பது, தோல், கம்பளி, தானியம், பழைய இரும்பு, பழைய செம்பு. கௌரவமான ஆட்கள் கை வைக்காத வியாபாரங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரம் வந்தபோது இந்த ஓரத்துத் தொழில்கள்தான் நடுவுக்கு வந்தன. தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துத் துணியாக வாங்கிக்கொண்டிருந்தவர், நீராவித் தறி வந்ததும் ஆலை கட்டினார். காயலான் கடை நடத்தியவருக்குச் செம்பு, ஈயம், துத்தநாகம் எங்கே என்ன விலை என்று தெரியும், அவர் உலோகத் தொழிலுக்குள் போனார். தோல் வாங்கி விற்றவர் செருப்பு ஆலைக்குப் போனார். சாயம் இறக்குமதி செய்தவர் சாயம் தயாரிக்க ஆரம்பித்தார். சட்டமும் மெல்ல மாறியது: 1812-ல் ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யா ஓரளவு உரிமை கொடுத்தது, 1869-ல் வட ஜெர்மன் கூட்டமைப்பு மத அடிப்படையிலான தடைகளை எடுத்தது, 1871-ல் அது முழு நாட்டுக்கும் வந்தது.

உடம்பிலேயே வியாபாரம் ஊறியவர்கள் என்று சிலர் பாராட்டுவது போலச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பத்துக் கதவில் எட்டை மூடிவிட்டு மீதி இரண்டில் கூட்டமாக இருக்கிறார்களே என்று ஆச்சரியப்படுவதில் என்ன அர்த்தம்?

1812-க்கு முன்னால் யூதர்கள் நடத்திய ஆலையே இல்லையா?

இருந்தன, ராஜா அனுமதி கொடுத்தால். பிரஷ்ய மன்னர்களுக்கு இறக்குமதிப் பட்டு, வெல்வெட்டுக்குப் பணம் வெளியே போவது பிடிக்கவில்லை, அதனால் யூத வியாபாரிகளுக்குச் சலுகை கொடுத்து ஆலை வைக்கச் சொன்னார்கள். பெர்லினில் ஐசக் பெர்ன்ஹார்ட் நடத்திய பட்டு ஆலையில் 1754-ல் கணக்கெழுதச் சேர்ந்தவர் மோசஸ் மெண்டல்சோன். ஆம், அந்தத் தத்துவ அறிஞர்தான், பின்னாளில் அதே தொழிலில் பங்குதாரரும் ஆனார். பகலில் பட்டுக் கணக்கு, இரவில் தத்துவம்.

சலுகை ஒரு கை, பறிப்பு இன்னொரு கை. 1769 முதல் பிரஷ்யாவில் ஒரு யூதர் கல்யாணம் செய்யவோ வீடு வாங்கவோ அனுமதி கேட்டால், அரச பீங்கான் ஆலையின் சரக்கை இவ்வளவு பணத்துக்கு வாங்கி வெளிநாட்டில் விற்றுக் காட்டவேண்டும் என்று உத்தரவு. விற்காத சரக்கைத் தலையில் கட்டினார்கள், அவ்வளவுதான்.

முக்கியமான சில ஆலைகளைச் சொல்லுங்கள்?

முதலில் மின்சாரம். எமில் ராத்தெனாவ் பெர்லினில் இயந்திரப் பட்டறை நடத்தியவர். 1881 பாரிஸ் கண்காட்சியில் எடிசனின் மின்விளக்கைப் பார்த்தார், ஜெர்மனிக்கான உரிமையை வாங்கி 1883-ல் கம்பெனி ஆரம்பித்தார், 1887-ல் அதன் பெயர் ஏ.ஈ.ஜி. ஆனது. பல்பு விற்பது மட்டும் இல்லை, மின்நிலையம், கம்பி, மோட்டார், டிராம் என்று முழுச் சங்கிலியையும் அவர் யோசித்தார். 1891-ல் லாஃபன் என்ற ஊரின் நீர்மின் நிலையத்திலிருந்து 175 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஃபிராங்ஃபர்ட்டுக்கு மும்முனை மின்சாரம் கொண்டுவந்து காட்டியதில் ஏ.ஈ.ஜி.க்குப் பெரிய பங்கு. இன்று நம் வீட்டுக்கு வரும் கரண்டும் அந்த முறையில்தான் வருகிறது. அவர் மகன் வால்டர் முதல் உலகப்போரில் நாட்டின் மூலப்பொருள் விநியோகத்தையே ஒழுங்குபடுத்தினார், 1922-ல் வெளியுறவு அமைச்சர் ஆனார், அதே ஆண்டு ஜூன் 24-ல் வலதுசாரி தீவிரவாதிகள் அவரை நடுத்தெருவில் காரில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள்.

உலோகத்தில் ஃபிராங்ஃபர்ட்டின் வில்ஹெல்ம் மெர்ட்டன், 1881-ல் மெட்டல்கெசெல்ஷாஃப்ட்டை ஆரம்பித்தவர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1914-ல் திறந்ததற்கு அவர் பணமும் விடாப்பிடியும் பெரிய காரணம். சாயத்தில் அதே ஊரின் கசெல்லா. பெர்லினில் லுட்விக் லோவே தையல் மெஷின் செய்ய ஆரம்பித்து, அமெரிக்கா போய், ஒரு பாகம் உடைந்தால் இன்னொன்றை அப்படியே மாற்றிப் பொருத்தும்படி துல்லியமாக வெட்டும் முறையைக் கற்றுவந்து, கடைசியில் துப்பாக்கி உற்பத்தியில் போய் நின்றார். அவர் இறந்தபிறகு 1892-ல் ஆல்வார்ட் என்ற யூத எதிர்ப்பாளர், ராணுவத்தைத் தோற்கடிக்கவே லோவே கம்பெனி மட்டமான துப்பாக்கி கொடுக்கிறது என்று துண்டுநூல் போட்டார். அவதூறு என்று கோர்ட் தண்டனை கொடுத்தது. ஆனால் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

நியூரம்பெர்கில் பிங் சகோதரர்களின் பொம்மை ஆலை, முதல் உலகப்போருக்கு முன் உலகத்திலேயே பெரியது, தகர ரயிலும் நீராவி எஞ்சினும் அவர்கள் சிறப்பு. அதே ஊரில் கார்ல் மார்ஷுட்ஸ் 1886-ல் ஆரம்பித்த ஹெர்குலஸ் சைக்கிள். (நம் ஊர்த் தெருக்களில் ஓடும் ஹெர்குலஸ் வேறு, அது பிரிட்டிஷ் கம்பெனி வழி வந்தது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) செல்ப் ஊரில் ரோசந்தால் பீங்கான். பெர்லினில் ஓரன்ஸ்டைன் கொப்பெல், குறுகிய பாதை ரயில் எஞ்சின்.

சைலீசியாவின் நொய்ஷ்டாட் என்ற சிறு ஊரில் ஃபிரெங்கல் குடும்பம் மேசை விரிப்பு, நாப்கின் நெய்யும் பெரிய லினன் ஆலை வைத்திருந்தது. ஊரே அந்த ஆலையை நம்பித்தான் இருந்தது. சிஃபிலிஸுக்கு மருந்து கண்ட பால் எர்லிக்கின் மனைவி அந்தக் குடும்பத்துப் பெண். ஆலையை நடத்திய மாக்ஸ் பிங்கஸ் பெரிய புத்தகப் பிரியர், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹாப்ட்மனின் நண்பர். 1934-ல் அவர் இறந்தபோது அடக்கத்துக்கு வந்த வெகு சில யூதரல்லாதவர்களில் ஹாப்ட்மனும் ஒருவர். இத்தனை வருடம் சம்பளம் வாங்கிய ஊர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

அப்படியானால் ஜெர்மன் தொழில்துறையே அவர்கள் கையில் இருந்ததா?

இல்லை. க்ரூப், தைசன், சீமென்ஸ், பாஷ், சைஸ், பேயர், டைம்லர், இதில் எதுவும் யூதக் குடும்பத்துடையது இல்லை. ரூர் பகுதி இரும்பு, நிலக்கரியில் அவர்கள் மிகக் குறைவு. 1933-ல் மொத்த யூதர்கள் சுமார் 5 லட்சம், நூறு பேரில் ஒருவர்கூட வரமாட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சின்னக் கடை, குமாஸ்தா வேலை, தையல், டாக்டர், வக்கீல் என்று இருந்தவர்கள். ஜவுளி, ஆயத்த ஆடை, தோல், செம்பு பித்தளை, மின்சாரம் என்று சில துறைகளில் மட்டும் எண்ணிக்கைக்கு மீறித் தெரிந்தார்கள். ஏன் அந்தத் துறைகள் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

தொழிலாளிகளை நன்றாக நடத்தினார்களா?

எல்லா முதலாளியையும் போலத்தான், ஆளுக்கு ஆள் வேறு. டிரோப்லோவிட்ஸ் 1912-லேயே வாரத்துக்கு 48 மணிநேரம் என்று குறைத்தார், சம்பளத்தோடு விடுமுறையும் கொடுத்தார். பெர்லின் பாங்கோவில் சிகரெட் ஆலை வைத்திருந்த யோசெஃப் கர்பாட்டி தொழிலாளிகளுக்குச் சாப்பாட்டுக்கூடம், குளியலறை, நூலகம் கட்டினார். இன்னொரு பக்கம், பெர்லினின் ஹவுஸ்ஃபோக்டை சதுக்கத்தைச் சுற்றியிருந்த ஆயத்த ஆடைத் தொழிலில் யூத முதலாளிகள் நிறைய, அங்கே வீட்டில் உட்கார்ந்து தைத்த பெண்களுக்குக் கிடைத்த கூலி படுமோசம், 1896-ல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. இதை மறைத்து எழுதினால் கதை பொய்யாகிவிடும். பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் மகான்களாக இருந்தால்தான் அவர்களுக்கு நடந்தது அநியாயம் என்று இல்லையே.

மதப்பற்று உள்ளவர்களா?

இரண்டு மாதிரியும் உண்டு. ஹால்பர்ஷ்டாட் நகரின் ஹிர்ஷ் குடும்பம், எபர்ஸ்வால்டே பக்கத்தில் பெரிய பித்தளை ஆலை வைத்திருந்தவர்கள், ஆசாரமான யூதர்கள். ரோசந்தால் கத்தோலிக்கராக மாறியவர். கசெல்லாவின் ஆர்தர் ஃபொன் வைன்பெர்க் ஞானஸ்நானம் பெற்ற புராட்டஸ்டன்ட், அரசர் கொடுத்த பிரபுப் பட்டம் உண்டு, முதல் போரில் மேஜர். 1933-க்குப் பிறகு இந்த வித்தியாசம் எதையும் யாரும் கேட்கவில்லை. தாத்தா பாட்டி யார் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

ஆலைகளை எப்படிப் பறித்தார்கள்? ஆள் அனுப்பி அடித்துப் பிடுங்கினார்களா?

அடியும் இருந்தது, ஆனால் பெரும்பாலும் காகிதத்தில்தான் நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1933 ஏப்ரல் 1-ல் நாடு முழுக்க யூதக் கடைப் புறக்கணிப்பு. அதன்பின் நாலைந்து வருடம் யூதர் ஆலை வைத்திருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தேவையும் இல்லை. நகராட்சி ஆர்டர் கொடுப்பதை நிறுத்தும். வங்கி கடன் நீட்டிக்காது. மூலப்பொருளுக்கு ஒதுக்கீடு வரும்போது இவர்கள் பங்கு குறையும். வெளிநாட்டுச் சரக்குக்குக் கட்ட அந்நியச் செலாவணி கிடைக்காது. செலாவணி விதியை மீறினார்கள் என்று வழக்கு வரும், முதலாளி உள்ளே போவார், உள்ளே இருக்கும்போது விற்பனைப் பத்திரம் வரும். 1933 தொடக்கத்தில் கடை, பட்டறை, ஆலை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் யூதத் தொழில்கள் இருந்தன, 1938 வசந்தத்தில் 40,000 கூட மிச்சமில்லை. கட்டாயச் சட்டம் வருவதற்கு முன்பே இந்த நிலை.

அப்புறம் சட்டமும் வந்தது. 1938 ஏப்ரல் 26-ல், 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள எல்லா யூதர்களும் பட்டியல் எழுதிக் கொடுக்க உத்தரவு. வீடு, பங்கு, நகை, பியானோ வரை. திருடப்போகிறவன் வீட்டுக்காரனிடமே பட்டியல் எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி. நவம்பர் 9-ல் ஜெப ஆலயங்களை எரித்தார்கள், கடைகளை உடைத்தார்கள், சுமார் 30,000 ஆண்களை முகாமில் அடைத்தார்கள். மூன்று நாள் கழித்து, உடைபட்டவர்கள்தான் நூறு கோடி மார்க் அபராதம் கட்டவேண்டும் என்று உத்தரவு. 1939 ஜனவரி 1 முதல் யூதர் எவரும் கடையோ பட்டறையோ நடத்தக்கூடாது. 1938 டிசம்பர் 3 ஆணையில், விற்கச் சொல்லி அரசே கட்டாயப்படுத்தலாம், விற்பதற்கு ஆளையும் நியமிக்கலாம் என்றாகிவிட்டது. இதற்கெல்லாம் அவர்கள் வைத்த பெயர் ஆரியமயமாக்கல்.

இதையெல்லாம் செய்தவர்கள் வரி அதிகாரி, நோட்டரி, வங்கி மேலாளர், வர்த்தக சபைச் செயலாளர், மதிப்பீட்டாளர். சட்டை கசங்காத ஆட்கள். ஒவ்வொரு தாளிலும் முத்திரை சரியாக இருக்கும்.

விலை கொடுத்துத்தானே வாங்கினார்கள்? அது எப்படிப் பறிப்பு ஆகும்?

இந்தக் கேள்வியைப் போருக்குப் பிறகு வாங்கியவர்களே கோர்ட்டில் கேட்டார்கள். விலை எப்படி முடிவானது என்று பாருங்கள். நாஜிக் கட்சியின் வட்டாரப் பொருளாதார ஆலோசகர் ஒப்புதல் இல்லாமல் விற்பனை செல்லாது. இயந்திரம், சரக்கு, கட்டடத்துக்கு மட்டும் விலை, அதுவும் குறைத்து. பிராண்டுப் பெயர், வாடிக்கையாளர், இத்தனை வருட நல்ல பெயர், இதற்கெல்லாம் காசு கொடுக்கக்கூடாது, ஏனென்றால் யூதர் கம்பெனிக்கு நல்ல பெயர் இருக்கமுடியாதாம். ஆனால் வாங்கியவர்கள் அந்தப் பிராண்டுப் பெயரை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

வந்த பணமும் கைக்கு வராது, முடக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குப் போகும். நாட்டை விட்டுப் போவதற்கு வரி, சொத்தில் 25 சதவீதம். (1931-ல் பழைய அரசு பணம் வெளியே ஓடுவதைத் தடுக்கப் போட்ட வரி அது, நாஜிகள் அதை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள்.) மிச்சப் பணத்தை வெளிநாட்டு நாணயமாக மாற்றப் போனால் பிடித்தம் வருடா வருடம் ஏறியது, 1939 செப்டம்பரில் 96 சதவீதம் போய்விடும். நூறு மார்க்குக்கு நாலு மார்க் கிடைக்கும்.

விதிவிலக்கு உண்டு. ரகசியமாக நியாய விலை கொடுத்தவர்களும் இருந்தார்கள். கொஞ்சம் பேர்.

சிம்சன் மொபெட் கதை என்ன?

துரிங்கியாவின் சூல் ஊரில் 1856-ல் சிம்சன் சகோதரர்கள் லோப், மோசஸ் ஆரம்பித்த ஆலை. துப்பாக்கி, அப்புறம் சைக்கிள், அப்புறம் கார். முதல் உலகப்போர் முடிந்து ஜெர்மன் ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடு போட்ட வெர்சாய் உடன்படிக்கைக்குப் பிறகு ஜெர்மன் ராணுவத்துக்கு இலகு இயந்திரத் துப்பாக்கி செய்யும் அனுமதி இந்த ஒரு கம்பெனிக்குத்தான் கிடைத்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ராணுவத்துக்கு அது தேவை, கட்சிக்கோ அது கண்ணில் குத்தும் முள். உள்ளூர் கட்சித் தலைவர் ஃபிரிட்ஸ் சவுக்கல், அரசாங்கத்தை ஏமாற்றி அதிக லாபம் பார்த்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1935-ல் ஆர்தர் சிம்சனைப் பிடித்து வைத்து ஆலையை எழுதி வாங்கினார். குடும்பம் 1936-ல் ஸ்விட்சர்லாந்து வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஆலை கட்சியின் அறக்கட்டளை ஒன்றுக்குப் போனது, போரில் அங்கே கட்டாயத் தொழிலாளிகள் வேலை செய்தார்கள். சவுக்கல்தான் பிறகு ஐரோப்பா முழுக்கக் கட்டாய உழைப்புக்கு ஆள்பிடிக்கும் பொறுப்பில் இருந்தவர், 1946-ல் நியூரம்பெர்கில் தூக்கிலிடப்பட்டார்.

போருக்குப் பின் சூல் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் விழுந்தது. அரசு ஆலையாக ஆன பிறகும் வண்டிகளில் சிம்சன் பெயரையே போட்டார்கள். 1964-ல் வந்த ஷ்வால்பே, 1980-ல் வந்த எஸ்51, இரண்டும் கிழக்கு ஜெர்மன் பிள்ளைகளின் முதல் வண்டி. இன்றும் அதற்குக் கிராக்கி குறையவில்லை: புது மொபெட் 45 கிலோமீட்டர் வேகம்தான் போகலாம், பழைய சிம்சனுக்கு மட்டும் நாடு இணைந்தபோது கொடுத்த விலக்கின்படி 60 போகலாம். 2024 துரிங்கியா தேர்தலில் தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சியினர் இந்த வண்டியை ஓட்டிப் பிரச்சாரம் செய்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் சிம்சன் வழித்தோன்றல்கள் அதை எதிர்த்துப் பேசினார்கள். எதிர்க்காமல் எப்படி இருப்பார்கள்?

ஆணுறைக் கம்பெனியை கோரிங் எடுத்துக்கொண்டாராமே?

நேரடியாக இல்லை, ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங்கின் ஞானத்தாய்க்குப் போனது. யூலியஸ் ஃபிரோம் ரஷ்யப் போலந்திலிருந்து பிள்ளைப் பருவத்தில் பெர்லின் வந்த ஏழைக் குடும்பத்துப் பையன், வீட்டில் சிகரெட் சுருட்டி விற்றவர்கள். மாலை வகுப்பில் ரப்பர் வேதியியல் படித்தார். கண்ணாடி அச்சை ரப்பர் கரைசலில் தோய்த்து எடுத்துத் தையலில்லாத ஆணுறை செய்து 1916-ல் ஃபிரோம்ஸ் ஆக்ட் என்ற பெயரில் விற்றார். ஜெர்மனியில் ஃபிரோம்ஸ் என்றாலே அந்தப் பொருள்தான் என்று ஆகிவிட்டது. 1938-ல் ஆலையை உண்மை மதிப்பில் சிறு பங்குக்கு விற்கவைத்தார்கள். வாங்கியவர் எப்பென்ஸ்டைன் சீமாட்டி, பதிலுக்கு கோரிங்குக்கு அவர் இரண்டு கோட்டைகளைக் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சீமாட்டியின் இறந்துபோன கணவர், கோரிங்கின் ஞானத்தந்தை, யூத வம்சாவளி.

ஃபிரோம் 1945 மே 12-ல் லண்டனில் இறந்தார், ஜெர்மனி சரணடைந்து நான்கு நாளில். கிழக்கில் இருந்த ஆலையை, முதலாளித்துவச் சுரண்டல்காரர் சொத்து என்று கம்யூனிஸ்ட் நிர்வாகம் எடுத்துக்கொண்டது. மேற்கில், அப்பாவின் பெயரைப் பிராண்டாகத் திரும்ப வாங்க மகன்கள் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது நம்பவே முடியவில்லை.

ஐ.ஜி. ஃபார்பன் விஷவாயு தயாரித்த கம்பெனிதானே? அதிலும் யூதர்கள் இருந்தார்களா?

ஆமாம், அதுதான் கொடுமை. 1925-ல் பெரிய சாய, ரசாயனக் கம்பெனிகள் சேர்ந்து ஐ.ஜி. ஃபார்பன் ஆனபோது கசெல்லாவும் அதில் சேர்ந்தது, ஆர்தர் வைன்பெர்க் மேற்பார்வைக் குழுவில் உட்கார்ந்தார். 1930-களில் அவரை எல்லாப் பதவியிலிருந்தும் வெளியேற்றினார்கள், வீட்டை விற்க வைத்தார்கள். 1942-ல் கைது செய்து தெரசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள், 1943 மார்ச்சில் 82 வயதில் அங்கே இறந்தார். அதே காலத்தில் ஐ.ஜி. ஃபார்பன் ஆஷ்விட்ஸில் கைதிகளை வைத்து ரப்பர் ஆலை கட்டிக்கொண்டிருந்தது, சைக்ளோன் பி என்ற விஷவாயுவை விற்ற கம்பெனியில் 42.5 சதவீதப் பங்கு வைத்திருந்தது.

யாரெல்லாம் வாங்கினார்கள்?

பெரிய ஆட்களில் எஃகு முதலாளி ஃபிளிக். வங்கிகள் தரகு வேலை பார்த்துக் காசு பண்ணின. ஆனால் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் போட்டியாளர், பழைய மேலாளர், கட்சிக்காரர். நியூரம்பெர்கில் கார்ல் யோயல் தபால் வழித் துணி வியாபாரம் ஆரம்பித்தார், அதை 1938-ல் வாங்கிய யோசெஃப் நெக்கர்மன் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அதிசய நாயகன் ஆனார். யோயல் பல வருடம் வழக்குப் போட்டுத்தான் இழப்பீடு வாங்கினார். பாடகர் பில்லி ஜோயல் அவருடைய பேரன்.

போருக்குப் பிறகு திரும்பக் கிடைத்ததா?

இடத்தைப் பொறுத்தது. அமெரிக்கப் படை நிர்வகித்த மண்டலத்தில் 1947-ல் சட்டம் வந்தது: 1933 ஜனவரி 30-க்குப் பிறகு யூதர் விற்ற எந்தச் சொத்தும் நெருக்கடியில் விற்றதாகவே கருதப்படும், இல்லை என்றால் வாங்கியவர் நிரூபிக்கவேண்டும். நல்ல சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் சமரசம், கொஞ்சம் பணம் கூடுதலாகக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். குண்டுவீச்சில் இடிந்த ஆலையை நியூயார்க்கில் இருந்துகொண்டு யார் நடத்துவது? வாங்கியவர்கள் நாங்களும் பாதிக்கப்பட்டோம் என்று சங்கம் வைத்துப் போராடினார்கள். கிழக்கு ஜெர்மனியில் ஒன்றுமே கிடையாது, அங்கே எல்லாம் மக்கள் சொத்து. 1990-க்குப் பிறகுதான் அங்கே மனு போட முடிந்தது, அதற்குள் மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது.

திரும்பி வந்து நடத்தியவர்கள் சிலர். ரோசந்தால் நிறுவனரை 1934-ல் வெளியேற்றினார்கள், பெயர் மட்டும் பீங்கானின் அடியில் அப்படியே இருந்தது, உலகச் சந்தைக்கு அது வேண்டுமே. மகன் பிலிப் 1950-ல் அதே கம்பெனியின் விளம்பரப் பிரிவில் சேர்ந்து, பின்பு தலைவராகி, நவீன வடிவமைப்பில் அதைப் பெரிய பெயராக்கினார். இது அபூர்வம்.

இந்தியாவுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

மூன்று சொல்கிறேன். கிராமபோன் கண்டுபிடித்த எமில் பெர்லினர் ஹனோவரில் பிறந்த யூதர், அமெரிக்கா போனவர். அவரும் தம்பி யோசெஃபும் 1898-ல் ஹனோவரில் இசைத்தட்டு ஆலை ஆரம்பித்தார்கள். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பதிவுகள் மெழுகு வடிவில் கப்பலேறி அந்த ஆலைக்குப் போய்த் தட்டாக அச்சாகித் திரும்பி வந்தன. 1908-ல் கல்கத்தாவில் ஆலை திறக்கும் வரை இதுதான் வழி. இரண்டாவது, மும்பை பக்கம் மாத்தேரான் மலை ரயிலின் முதல் எஞ்சின்கள், 1907, ஓரன்ஸ்டைன் கொப்பெல் செய்தவை. அந்தக் கம்பெனிக்கு 1940-ல் பெயரையே மாற்றி யூதப் பெயரை அழித்தார்கள்.

மூன்றாவது நமக்குக் கசப்பானது. பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஹைன்ரிக் காரோ யூதர், செயற்கை அவுரி நீலத்துக்கான நீண்ட முயற்சியில் ஆரம்ப காலப் பங்கு அவருக்கு உண்டு. 1897-ல் அது சந்தைக்கு வந்தது. பீகாரிலும், தென்னாற்காடு உள்ளிட்ட சென்னை மாகாணத்திலும் அவுரி சாகுபடி அதற்குப் பிறகு சரிந்தது.

நேரில் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

பெர்லின் மோவபிட்டில் ஏ.ஈ.ஜி.யின் 1909 டர்பைன் கூடம், பீட்டர் பேரன்ஸ் வடிவமைத்தது, இன்னும் உற்பத்தியில் இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்கலாம். பாங்கோவின் கர்பாட்டி ஆலை இப்போது குடியிருப்பு. கர்பாட்டி 1938-ல் விற்கவேண்டி வந்தது, மகன்கள் அமெரிக்கா போனார்கள், அவர் மறுவருடம் பெர்லினிலேயே இறந்தார். சூல் ஊரில் வாகன அருங்காட்சியகம், சிம்சன் கார் முதல் மொபெட் வரை.

என்னைக் கேட்டால் முதலில் எபர்ஸ்வால்டே பக்கம் ஹிர்ஷ் குடும்பத்தின் பித்தளை ஆலைக் குடியிருப்புக்குப் போங்கள். 1930-களின் தொடக்கத்தில், பொருளாதார மந்தத்தில் விற்காத செம்பை என்ன செய்வது என்று யோசித்து, செம்புத் தகடு போர்த்திய, பாகம் பாகமாகப் பொருத்தும் வீடுகள் செய்தார்கள், கட்டடக் கலைஞர் வால்டர் குரோபியஸும் அதில் வேலை பார்த்தார். மாதிரி வீடுகள் அங்கே இன்னும் நிற்கின்றன, மக்கள் குடியிருக்கிறார்கள். சில வீடுகளை 1933-க்குப் பிறகு பாலஸ்தீனம் போன குடும்பங்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு போனார்கள், ஹைஃபாவில் இருக்கின்றன. 1913-ல் இதே ஆலை வளாகத்தில் தோண்டும்போது வெண்கலக் காலத் தங்கப் புதையல் கிடைத்தது, 81 பொருட்கள். அசலைப் பார்க்க மாஸ்கோ போகவேண்டும், 1945-ல் சோவியத் படை எடுத்துக்கொண்டு போனது, திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஜெர்மனி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.